குழந்தைகளோடு போக லேசான பங்க் டிரெய்லர்: எதை, எந்த வரிசையில் பார்த்து வாங்குவது

அமெரிக்காவில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கும் நம்மூர்க் குடும்பங்களில் ஏதோ ஒரு கோடை விடுமுறையில் இந்தப் பேச்சு வந்தே தீரும். ஹோட்டலில் ஓர் அறை போதவில்லை, இரண்டு எடுத்தால் கட்டுப்படியாகவில்லை, மூன்றாம் நாளே பிள்ளைகள் பீட்சாவைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள், "நாமே ஒரு டிரெய்லர் வாங்கிட்டா என்ன?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் கேட்டது நான்தான். நார்த் கரோலினாவில் கேரி பக்கம் இருக்கிறோம், ஒரு மணி நேரத்துக்குள் ஜோர்டன் ஏரி, ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஸ்மோக்கி மலை, அதனால் கேட்டதில் தப்பும் இல்லை. கேட்ட பிறகு செய்தவற்றின் வரிசைதான் தப்பு. நேராக விற்பனை முற்றத்துக்குப் போனோம், பிள்ளைகள் இருவரும் ஏணியில் ஏறி மேல் பெர்த் யாருக்கு என்று சண்டை போட ஆரம்பித்தார்கள், அதோடு என் புத்தி மழுங்கிவிட்டது. கையெழுத்துப் போடாமல் தப்பித்தது என் மனைவி "முதல்ல நம்ம கார் இதை இழுக்குமான்னு பாருங்க" என்று சொன்னதால்.

பங்க் ஹவுஸ் என்பது ஒரு முனையில் பெரியவர்களுக்குக் கட்டிலும், மறு முனையில் ரயில் பெட்டி போல மேலும் கீழுமாகப் பெர்த்துகளும், நடுவில் அடுப்பு, சாப்பாட்டு மேசை, குளியலறையும் உள்ள டிரெய்லர். "லேசான" என்ற சொல்லுக்கு மட்டும் எந்தச் சட்ட வரையறையும் கிடையாது. 3,000 பவுண்டு டிரெய்லரிலும் 'லைட்' என்று எழுதியிருக்கும், 6,500 பவுண்டு டிரெய்லரிலும் 'அல்ட்ரா லைட்' என்று எழுதியிருக்கும். உங்கள் வண்டிக்கு எது லேசு என்று நீங்களே கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: உங்கள் காரின் கதவைத் திறங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஓர் எண் போட்டிருக்கும். இதுதான் பேலோடு. உங்கள் காருக்கு மட்டுமே உரிய எண் இது, ஒரே மாடலில் சன்ரூஃப் வைத்த வண்டிக்கும் வைக்காத வண்டிக்கும்கூட வேறுபடும். அதைப் படம் எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் வாங்கும் வரை அதிகம் பார்க்கப் போவது அந்தப் படத்தைத்தான்.

எல்லோரும் முதலில் கேட்பது இழுவைத் திறன். ஒடிசி, சியன்னா போன்ற மினிவேன்களுக்கு 3,500 பவுண்டு. ஹோண்டா பைலட்டில் நான்கு சக்கர இயக்கம் (AWD) உள்ளதற்கு 5,000, இல்லாததற்கு 3,500. ஹைலேண்டரில் பெட்ரோல் மாடலுக்கு 5,000, ஹைப்ரிடுக்கு 3,500. நம்மவர்கள் வீட்டு வாசலில் அதிகம் நிற்கும் டெஸ்லா மாடல் ஒய்-க்கும் 3,500 உண்டு, ஆனால் டிரெய்லரை மாட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தவிர, டிரெய்லரைக் கழற்றாமல் சார்ஜரில் நிறுத்துவது தனி வித்தை.

இந்த எண்ணைக் கேட்டவுடன் பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். வண்டி 5,000 இழுக்கும், டிரெய்லர் 4,500, இன்னும் 500 மிச்சம், சரி போகலாம் என்று. இழுவைத் திறனை அளக்கும் எஸ்ஏஇ ஜே2807 என்ற சோதனை முறையில் வண்டிக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்வது 150 பவுண்டில் ஓட்டுநர், 150 பவுண்டில் இன்னொருவர், இரண்டே பேர். பின் இருக்கையில் பிள்ளைகளும் அதற்குப் பின்னால் கூலரும் அரிசி மூட்டையும் அந்தக் கணக்கில் கிடையாது.

எங்கள் கணக்கையே காட்டுகிறேன். ஸ்டிக்கரில் இருந்தது 1,300. நான் 175, மனைவி 140, மூத்தவள் 75, சின்னவன் 50, ஆக 440. காரின் பின்னால் போகும் பைகள், நாற்காலிகள், கூலர் 120. டிரெய்லரைக் காரோடு மாட்டும் ஹிட்சின் தலையும் அதன் இரும்புப் பட்டைகளும் 80. இதுவரை 640. இனி, டிரெய்லரின் முன்பகுதி காரின் ஹிட்சில் உட்காரும் எடை. சாமான் ஏற்றிய டிரெய்லரின் எடையில் இது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 3,800 பவுண்டு டிரெய்லருக்கு 13 சதவீதம் என்று வைத்தால் 494. மொத்தம் 1,134. கையில் மிச்சம் 166 பவுண்டு.

அம்மாவும் அப்பாவும் ஆறு மாத விசாவில் வந்து, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எங்களோடு புறப்பட்டால் 270 பவுண்டு கூடும், ஸ்டிக்கரைத் தாண்டிவிடுவோம். டிரெய்லர் 3,800தான், இழுவைத் திறனில் இன்னும் 1,200 பவுண்டு சும்மா கிடக்கிறது, ஆனாலும் வண்டி நிறைந்துவிட்டது. நடுத்தர எஸ்யுவி வைத்திருப்பவர்களுக்கு அநேகமாக இப்படித்தான் பேலோடு முதலில் தீரும்.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். காரின் பின்னால் ஹிட்சைச் செருகும் ரிசீவரிலேயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், 5,000 பவுண்டு இழுக்கும் வண்டிகளில் பெரும்பாலும் ஹிட்ச் எடைக்கு 500 என்று எல்லை போட்டிருக்கும். எங்கள் 494 அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, கவனித்தீர்களா? அடுத்தது வண்டியின் கையேட்டில் இழுவைப் பகுதி. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஸ்பிரிங் பட்டை ஹிட்சைச் சில வண்டிகளில் போடக் கூடாது என்றே எழுதியிருக்கும். சிலவற்றில் டிரெய்லரின் முன்முகப் பரப்புக்கும் எல்லை உண்டு. ஏறக்குறைய பத்தடி உயரச் சுவர் ஒன்று காற்றைத் தள்ளிக்கொண்டு பின்னால் வருகிறது என்று நினைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எல்லா வசதியும் போட்ட டிரக்குகளில் பேலோடு 1,400க்குள் இருப்பதும் உண்டு. கதவைத் திறந்து பாருங்கள்.

இரண்டாம் படி: டிரெய்லரின் எண்கள்

டிரெய்லருக்கும் ஸ்டிக்கர் உண்டு. பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போடும் வெற்று எடையை மறந்துவிடுங்கள், அந்த எடையில் யாரும் டிரெய்லரை இழுத்ததில்லை. ஜிவிடபிள்யூஆர் (GVWR) என்ற எண்ணைப் பாருங்கள், சாமான் எல்லாம் ஏற்றியபின் தாண்டக் கூடாத மொத்த எடை அது. அதிலிருந்து உண்மையான வெற்று எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை கிடைக்கும், அதுவும் தனி மஞ்சள் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும்.

ஜிவிடபிள்யூஆர் 3,900, வெற்று எடை 3,000 என்றால் சுமைக்கு 900 பவுண்டு. கேட்க நிறைய. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 30 கேலன் தொட்டி நிறைந்தால் 250. இரண்டு சிலிண்டர் கேஸ் 40, பேட்டரி 50, பல பிரசுரங்களில் இவை வெற்று எடையில் சேர்ந்திருக்காது. படுக்கை, பாத்திரம், குக்கர், மளிகை, குழாய்கள், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகள், பிள்ளைகளின் சைக்கிள், எல்லாம் 400 பவுண்டை அனாயாசமாகத் தொடும். ஆக 740 போயாச்சு. சுமை அனுமதி 500, 600 மட்டுமே உள்ள பங்க் டிரெய்லர்களும் விற்பனையில் உண்டு. எட்டுப் பேர் தூங்கலாம் என்று எழுதியிருக்கும், அந்த எட்டுப் பேரின் துணிமணியை ஏற்ற இடம் இருக்காது.

என் கைக்கணக்கு இது: 5,000 பவுண்டு இழுக்கும் எஸ்யுவியும் நான்கு பேரும் என்றால் ஜிவிடபிள்யூஆர் 4,000ஐ ஒட்டியே தேடுங்கள், சுமை அனுமதி 800க்குக் குறையாமல் பாருங்கள். மினிவேன் என்றால் 3,000க்குள். அதில் பங்க் வைத்த டிரெய்லர் மிகக் குறைவு, கிடைப்பதும் நெருக்கடியாகத்தான் இருக்கும். சிறிய வகையில் அடிக்கடி கண்ணில் படுவது ஜேகோ ஜே ஃபிளைட் எஸ்எல்எக்ஸ் 174பிஎச், கோல்மன் 17பி போன்றவை. விங்கபேகோ மைக்ரோ மின்னி 1700பிஎச் ஏழடி அகலம்தான் என்பதால் பின்னால் வருவது கண்ணாடியில் நன்றாகத் தெரியும், ஆனால் அதன் எடையைத் தனியாகச் சரிபாருங்கள். இந்த எண்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை, பெயரை நம்பாமல் நிற்கும் டிரெய்லரின் ஸ்டிக்கரைப் படியுங்கள்.

மூன்றாம் படி: எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள்

மாடல் பெயரில் 17 என்று இருந்தால் டிரெய்லர் 17 அடி என்று அர்த்தமில்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பையும் சேர்த்தால் 20, 21 அடி வந்துவிடும். முகாம் இடம் பதிவு செய்யும்போது இந்த முழு நீளம்தான் கணக்கு. யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் முகாமில் டிரெய்லருக்கு 24 அடிதான் எல்லை. கிளேஷியர் பூங்காவில் கோயிங் டு த சன் சாலையின் நடுப்பகுதியில், அவலாஞ்ச் முதல் ரைசிங் சன் வரை, 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை, காரும் டிரெய்லரும் சேர்த்தே 21 அடி என்பதால் டிரெய்லரை முகாமில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நீளம் குறையக் குறைய இடம் கிடைப்பது எளிது, அதனால் முழு நீளம் 24 அடிக்குள் அடங்குவதை நான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று, தேசியப் பூங்கா முகாம்களில் பெரும்பாலானவற்றில் மின்சார, தண்ணீர் இணைப்பு கிடையாது. ஸ்மோக்கியின் எல்க்மான்ட் அப்படித்தான். மாநிலப் பூங்காக்களில் பல இடங்களில் இணைப்பு உண்டு, ஜோர்டன் ஏரியிலும் உண்டு. உங்கள் பயணங்கள் எந்த வகை என்று யோசித்துவிட்டுத் தொட்டிகளின் அளவைப் பாருங்கள்.

வீட்டில் நிறுத்த இடம் இருக்கிறதா என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள். குடியிருப்போர் சங்கங்கள் பலவும் வாசலில் டிரெய்லர் நிற்க விடுவதில்லை. வெளியே நிறுத்தினால் மாத வாடகை, அது வருடம் முழுக்க ஓடும்.

நான்காம் படி: பெர்த்தில் ஏறிப் படுத்துப் பாருங்கள்

இதற்காகத்தானே வாங்குகிறோம், எனவே இங்கே நேரம் செலவழியுங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

தனி பெர்த் பொதுவாக 28, 30 அங்குல அகலமும் 74 அங்குல நீளமும் இருக்கும், நம்மூர் ரயில் பெர்த்தைவிடக் கொஞ்சம் அகலம். பெர்த்துக்குக் கீழே அல்லது சுவரில் எடை எல்லை எழுதிய ஸ்டிக்கரைத் தேடுங்கள். 150 பவுண்டு என்று போட்டிருப்பதும் உண்டு, 300 என்று போட்டிருப்பதும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு எதுவானாலும் சரி, ஆறு வருடம் கழித்து அவன் அப்பா உயரம் வளர்ந்து நிற்கும்போது முதலாவது போதாது.

மேல் பெர்த்தில் பிள்ளையை ஏற்றி உட்காரச் சொல்லுங்கள். தலை கூரையில் இடிக்கிறதா? இடித்தால் அங்கே படிக்க முடியாது, தூங்க மட்டும்தான். காற்று வர ஜன்னலோ காற்றுத் திறப்போ இல்லாவிட்டால் ஜூலை மாதத்தில் அது அடுப்பு. தடுப்புக் கம்பியின் உயரத்தை மெத்தையோடு சேர்த்து அளங்கள், கடையில் ஒல்லியாக இருக்கும் மெத்தைமேல் நாம் வீட்டில் இன்னொன்று போட்டால் கம்பி இருந்தும் இல்லாததுபோல்தான். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மேல் பெர்த்தில் படுக்க வைக்க வேண்டாம் என்பது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை, ஐந்து வயதுச் சின்னவன் எத்தனை அழுதாலும் எங்கள் வீட்டில் அது மாறவில்லை.

இரட்டைப் பெர்த் என்று 50 அங்குல அகலத்தில் வருவதும் உண்டு. எடை கூடும், ஆனால் தாத்தா பாட்டி வருகிற குடும்பத்துக்குக் கீழ் இரட்டைப் பெர்த் பெரிய உபகாரம். பிள்ளைகள் இருவருக்கும் ஆறு வயது ஆனபின் அவர்களை மேலே ஏற்றிவிட்டுப் பெரியவர்களைக் கீழே படுக்க வைக்கலாம். இல்லாவிட்டால் தாத்தா பாட்டிக்குச் சாப்பாட்டு மேசையை இறக்கித்தான் படுக்கை போட வேண்டும், காலையில் காப்பி குடிக்க வேண்டும் என்றால் முதலில் அப்பாவை எழுப்ப வேண்டும். இதை நாங்கள் வாடகை டிரெய்லரில் மூன்று நாள் அனுபவித்தோம். மூன்றாம் நாள் அம்மா, "இதுக்கு வீட்லயே தரையில பாய் விரிச்சிருக்கலாமே" என்றார்.

இப்போது பங்க் டிரெய்லருக்கே உரிய ஒரு சிக்கல். பெர்த்துகள் பெரும்பாலும் டிரெய்லரின் கடைசி முனையில் இருக்கும், அதன் கீழே சாமான் வைக்க வசதியாக வெளிக்கதவோடு பெரிய இடம் விட்டிருப்பார்கள். கனமானதை எல்லாம் அங்கே திணித்து, பம்பரில் நான்கு சைக்கிளையும் மாட்டினால் பின்பக்கம் கனத்து முன்பக்கம் தூக்கும், ஹிட்ச் எடை பத்து சதவீதத்துக்குக் கீழே போகும், நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று தாண்டும்போது டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். ஒருமுறை அந்த ஆட்டத்தை ஸ்டீரிங்கில் உணர்ந்தவர் மறக்க மாட்டார். அதனால் கடைசி முனைப் பெர்த்துக்கடியில் போர்வை, தலையணை, மிதவை ரப்பர் மாதிரி லேசானவை மட்டும். அரிசி, தண்ணீர்க் கேன், கருவிப் பெட்டி எல்லாம் சக்கர அச்சுக்கு முன்னால். பம்பரில் சைக்கிள் மாட்டலாமா என்று கையேட்டில் பாருங்கள், பல டிரெய்லர்களில் அந்தப் பம்பர் கழிவுநீர்க் குழாயை உள்ளே வைப்பதற்கு மட்டும்தான். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஓட்டம் மாறுவதற்கு அந்த 250 பவுண்டே போதும்.

ஐந்தாம் படி: மற்ற உள்ளமைப்பு

பெரியவர்கள் கட்டில் குறுக்குவாட்டில் இருந்தால் சுவரோரம் படுப்பவர் ராத்திரி எழுந்திருக்க மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். நீளவாட்டில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, டிரெய்லர் இரண்டு அடி நீளும். ஆர்வி குயீன் என்று எழுதியிருந்தால் அது வீட்டு குயீனைவிட ஐந்தாறு அங்குலம் குட்டை, உயரமானவர்கள் படுத்துப் பாருங்கள்.

குளியலறையில் கழிப்பறையும் ஷவரும் தனித்தனியாக இருப்பது பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அவசியம். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒருவர் குளித்தபின் அடுத்தவர் ஈரத்தில்தான் உட்கார வேண்டும்.

இழுத்து நீட்டும் ஸ்லைடு அறை வேண்டுமா? உள்ளே நடக்க இடம் கிடைக்கும், உண்மை. கூடவே சில நூறு பவுண்டும், தண்ணீர் ஒழுக இன்னொரு ஓரமும், கெட்டுப்போக ஒரு மோட்டாரும் வரும். லேசான டிரெய்லர் தேடுகிறவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. வேண்டும் என்றால், ஸ்லைடு மூடியிருக்கும்போது கழிப்பறைக்கும் குளிர்ப்பெட்டிக்கும் போக முடிகிறதா என்று பாருங்கள், வழியில் நிறுத்தும்போது சின்னவனுக்கு அவசரம் வரத்தான் செய்யும்.

சமையலைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புகை எச்சரிக்கை மணி அடுப்பிலிருந்து ஆறேழு அடியில்தான் இருக்கும். காய்ந்த மிளகாய் தாளித்தால் மொத்த முகாமும் எழுந்துகொள்ளும். வெளியே கேஸ் இணைப்போ சிறு வெளிச் சமையலறையோ உள்ள மாடல் கிடைத்தால் விடாதீர்கள், தோசைக்கல், தாளிப்பு, மீன் வறுவல் எல்லாம் வெளியே போய்விடும், மெத்தையில் மசாலா வாசமும் தங்காது.

மின்சாரம் இந்த அளவு டிரெய்லர்களில் 30 ஆம்ப், அதாவது 3,600 வாட். ஏசி சுமார் 1,500, தண்ணீர் சூடாக்கியை மின்சாரத்தில் வைத்தால் 1,400, மைக்ரோவேவ் இன்னொரு 1,400. மூன்றும் ஓடினால் பட்டென்று இணைப்பு துண்டிக்கும். தண்ணீரைக் கேஸில் சூடாக்கிவிட்டு 110 வோல்ட் மிக்ஸியில் சட்னி அரைக்கலாம், அதுவும் மைக்ரோவேவ் நின்றபின். கழிவுநீர்த் தொட்டி 30 கேலன் என்றால், நான்கு பேர் குளித்துப் பாத்திரமும் தேய்த்தால் இணைப்பில்லாத முகாமில் இரண்டு நாள் தாங்குவதே பெரிது.

ஆறாம் படி: தண்ணீர் ஒழுகியிருக்கிறதா

அமெரிக்க ஆர்வி-களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் வட்டாரத்தில் செய்யப்படுபவை. ஜேகோ, கீஸ்டோன், ஏர்ஸ்ட்ரீம் மூன்றும் தோர் குழுமத்தின் கையில், ஃபாரஸ்ட் ரிவர் பெர்க்‌ஷயர் ஹாத்தவேயின் கையில், கிராண்ட் டிசைன் விங்கபேகோவின் கையில். அடிச்சட்டமும் ஜன்னலும் பெரும்பாலும் லிப்பர்ட், ஏசி டொமெட்டிக் என்று உள்ளே இருக்கும் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று உறவுதான். அதனால் எந்தப் பெயர் சிறந்தது என்ற வாதத்தில் நேரம் போக்காமல், உங்கள் முன்னால் நிற்கும் அந்த ஒரு டிரெய்லர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

சுவர் இரண்டு வகை. மரச்சட்டத்தில் அலுமினியத் தகடு அடித்தது ஒன்று, விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது. வழுவழுப்பான ஃபைபர்கிளாஸ் பலகை ஒட்டியது மற்றது, பார்க்க அழகு, ஆனால் உள்ளே தண்ணீர் போனால் அடுக்குகள் பிரிந்து உப்பும். வெயிலில் டிரெய்லரின் மூலையில் நின்று கன்னத்தைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பாருங்கள், நேராகப் பார்த்தால் தெரியாத உப்பல் அலையலையாகத் தெரியும்.

பழைய டிரெய்லர் பார்க்கப் போனால் முதலில் கீழ்ப் பெர்த்தின் மெத்தையைத் தூக்குங்கள். நான் பார்க்கப்போன ஒன்று வெளியே பளபளவென்று இருந்தது, உரிமையாளரும் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கடைசி மூலையில் மெத்தையைத் தூக்கினால் பலகையில் டீ சிந்தினது போல ஒரு வளையம். கட்டைவிரலால் அழுத்தினேன், காப்பியில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது. விரலை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. கூரையின் ஓர ஒட்டு வெடித்து, அங்கே இறங்கிய தண்ணீர் சுவருக்குள்ளாகவே வந்து பெர்த்தில் தேங்கியிருக்கிறது. மெத்தை மூடியிருந்ததால் அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

அதே மாதிரி ஜன்னல்களுக்குக் கீழே, ஷவர் ஓரத்தில், கதவுக்கு உள்ளே தரையில் குதிகாலால் அழுத்தி நடந்து பாருங்கள். மேல் அலமாரிகளைத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கள், பூஞ்சை வாசம் பொய் சொல்லாது. புதிதாக வாசனைத் திரவம் அடித்திருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள். கூரையில் ஏறவோ ஏணி போட்டு எட்டிப் பார்க்கவோ கேளுங்கள், விடமாட்டேன் என்றால் வந்த வழியே திரும்பிவிடலாம். ஈரமானி ஒன்று நாற்பது ஐம்பது டாலருக்குள் கிடைக்கும், அல்லது சான்று பெற்ற ஆர்வி ஆய்வாளரை வைத்துப் பார்க்கலாம். புதியதை வாங்கினாலும் கூரை ஒட்டை வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்பது இனி உங்கள் வேலை.

டயரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் அது செய்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும், ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் புது டயர் விலையைப் பேரத்தில் கழியுங்கள்.

ஏழாம் படி: விலை பேசுவதும் எடுப்பதும்

முதலில் ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு ராத்திரி தங்குங்கள். அவுட்டோர்சி, ஆர்விஷேர் போன்றவற்றில் தனியாரின் டிரெய்லர்களே கிடைக்கும், சிலர் முகாமுக்கே கொண்டுவந்து நிறுத்திக் கொடுப்பார்கள். அந்தச் செலவு வீணில்லை, பாயைப் பற்றி அம்மா சொன்னது எங்களுக்கு அங்கேதான் கிடைத்தது.

புதிய டிரெய்லரில் ஒட்டியிருக்கும் விலை பேரத்தைத் தொடங்குவதற்கு மட்டும். பென்சில்வேனியாவில் ஹெர்ஷி கண்காட்சி செப்டம்பரிலும், ஃபுளோரிடாவில் டாம்பா கண்காட்சி ஜனவரியிலும் நடக்கும், ஒரே நாளில் முப்பது உள்ளமைப்புகளை ஏறி இறங்கிப் பார்க்க இவற்றைவிட நல்ல இடம் இல்லை. வாங்குவது எங்கே ஆனாலும், வரி, டிரெய்லரைத் தயார்செய்து கொடுக்கும் கட்டணம், போக்குவரத்து, பத்திரக் கட்டணம் எல்லாம் சேர்த்து வாசலைத் தாண்ட எவ்வளவு என்று ஒரே எண்ணாக எழுத்தில் கேளுங்கள். மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். பத்துப் பதினைந்து வருடக் கடனில் எந்த விலையும் சின்னதாகத் தெரியும், டிரெய்லரின் மதிப்போ முதல் சில வருடங்களிலேயே சரிந்துவிடும். அதனால் மூன்று நான்கு வருடப் பழையது, ஒழுகாதது கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன், எடுத்ததும் அப்படித்தான்.

எடுக்கும் நாளில் அரை நாள் ஒதுக்குங்கள், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். தண்ணீரும் மின்சாரமும் கேஸும் இணைத்து எல்லாவற்றையும் ஓடவிடச் சொல்லுங்கள்: ஏசியை அரை மணி நேரம், சூடாக்கி, குளிர்ப்பெட்டி, எல்லா அடுப்பும், எல்லாக் குழாயும். தொட்டிகளை நிரப்பிவிட்டு டிரெய்லருக்கு அடியில் குனிந்து சொட்டுகிறதா பாருங்கள். குறைகள் சரியாகும் வரை பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுக்காதீர்கள். பிறகு செய்து தருகிறோம் என்பதை நம்பி ஓட்டிவந்த நண்பர் ஒருவரின் டிரெய்லர் ஒரு கோடை முழுக்கப் பழுது வரிசையிலேயே நின்றது.

எட்டாம் படி: முதல் இழுவை

காரில் ஏழு முள் மின் இணைப்பும் டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கட்டுப்படுத்தியும் வேண்டும், இந்த எடைக்கு டிரெய்லரின் சொந்த பிரேக் இல்லாமல் போகவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை காலியாக இருக்கும் ஏதாவது பெரிய வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் பின்னால் ஓட்டிப் பழகுங்கள். ஸ்டீரிங்கின் அடியில் கை வைத்தால் கை போகும் திசையில் டிரெய்லரின் வால் போகும். மனைவி வெளியே நின்று கை காட்டுவதாக இருந்தால் சைகைகளை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முகாமில் எல்லோர் முன்னாலும் சண்டை வரும்.

சாமான், தண்ணீர், பிள்ளைகள் எல்லாவற்றோடும் லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள கேட் (CAT) என்ற எடைமேடையில் ஒருமுறை ஏற்றுங்கள், சுமார் 15 டாலர். முதலில் டிரெய்லரோடு, பிறகு கழற்றிவிட்டுக் கார் மட்டும். மேசையில் போட்ட கணக்கு சரியா என்று அந்தச் சீட்டு சொல்லிவிடும். எங்கள் மேசைக் கணக்கில் 110 பவுண்டு விட்டுப்போயிருந்தது, அதில் பாதி மனைவி ரகசியமாக ஏற்றிய இரும்புச் சட்டிகள்.

வேகம் 60, மிஞ்சினால் 65. பல டிரெய்லர் டயர்களின் எல்லையே அதுதான், கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டமே 55தான். எங்கள் நார்த் கரோலினாவின் ஓல்ட் ஃபோர்ட் மாதிரி ஆறு சதவீத மலையிறக்கத்தில் இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதியில் கருகல் வாசம் வரும். டிரெய்லருக்குள் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுவது பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதம், சட்டம் விட்டாலும் செய்யாதீர்கள்.

முதல் பயணம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். எங்களுக்கு அது ஜோர்டன் ஏரி. மறந்துபோன தண்ணீர்க் குழாயை எடுக்க நான் திரும்ப வீட்டுக்கு வந்து போனேன், மேல் பெர்த் மூத்தவளுக்கு, விளக்கு சின்னவன் கையில் என்று உடன்பாடு ஆயிற்று. புறப்பட்டு முதல் ஐம்பது மைலுக்குள் ஓரிடத்தில் நிறுத்தி, சக்கர நட்டுகளைக் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரென்சால் மறுபடி முறுக்கிவிடுங்கள்.